பழங்கருவியை மாற்றும் உரிமை

முன்னோர் விட்டுச்சென்ற ஒரு கருவியை நமது வசதிக்கேற்ப மாற்றியமைக்க நமக்கு உரிமை உண்டா? மேலெழுந்தவாரியாக நோக்குவார்க்கு இது சிறு வினாவாகத் தோன்றும். பொருள் என்னுடையது, அதனை அறுப்பதும் ஒட்டுவதும் என் விருப்பம் என ஒருவர் கூறின், சட்டம் பெரும்பாலும் அவரைத் தடுக்காது. ஆனால் சட்டம் தடுக்காதவை யாவும் அறமாகிவிடா. இவ்வினாவைப் பொதுப்படப் பேசுவதிலும் ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு ஆராய்வது தெளிவு தரும். பழைய தூரமானிக் கமரா அதற்குப் பொருத்தமானது.

இரு சிறு சாளரங்களின் வழியே தோன்றும் இரு பிம்பங்களை ஒன்றாகப் பொருத்தித் தூரத்தை அறியும் கமராவே தூரமானிக் கமரா. ஜேர்மனியின் லைட்ஸ் நிறுவனம் 1925 இல் லைக்காவை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1932 இல் வெளிவந்த இரண்டாம் வகையில் தூரமானி உடலோடு இணைக்கப்பட்டது. சோவியத்து நாட்டின் ஃபெட் முதலியன அதன் சாயலில் எழுந்தன. இவற்றின் பின்புறம் திறவாது. அடித்தகட்டைக் கழற்றி, படச்சுருளின் முனையைச் சுற்றுருளையிற் செருகி, இரண்டையும் ஒருசேர ஓர் ஒடுங்கிய இடுக்கினுள் தள்ளவேண்டும். அதற்கு முன் சுருளின் முனையை ஏறத்தாழப் 10 சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஒடுக்கமாக வெட்டிக்கொள்ளவும் வேண்டும். இக்காலச் சுருள்களின் முனையோ அதனினும் குறுகியது. வெட்டாது செலுத்தினால் படலம் உள்ளே சிக்கும். கிழிந்த துணுக்குகள் கமராவின் திரைச்சீலையைக் கெடுப்பதும் உண்டு.

பழகாத கைக்கு இது பெருந்தொல்லை. எனவே மாற்றம் பற்றிய எண்ணம் எழுதல் இயல்பே. சுற்றுருளையை மாத்திரம் மாற்றுவது ஒரு வகை. உடற்கூட்டை அறுத்துப் பின்புறத்திற் கதவு அமைப்பது மற்றொரு வகை.

மாற்றத்தை விரும்புவோர் பக்கத்து நியாயம் வலியது. லைட்ஸ் நிறுவனமே பழைய லைக்காக்களை வாடிக்கையாளரிடமிருந்து பெற்று, தூரமானி முதலியவற்றைப் பொருத்திப் புதிய வகையாக்கிக் கொடுத்தது. 1954 இல் வந்த எம் 3 வகையின் பின்புறத்தில் திறக்கும் மடல் ஒன்றை அமைத்தது. 1967 இல் வந்த எம் 4 வகையில் சுற்றுருளையைக் கழற்றாமலே சுருளை ஏற்ற வழிசெய்தது. ஆக்கியோனே தன் ஆக்கத்தை மாற்றலாகாதெனக் கருதாதபோது, நாம் ஏன் அவ்வாறு கருதவேண்டும்?

நமது மண்ணின் அனுபவமும் இதற்குச் சான்று பகரும். 1990களின் முற்பகுதியிற் பொருளாதாரத் தடை குடாநாட்டை அழுத்தியபோது பெற்றோலும் மின்கலமும் அரியனவாயின. ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய பழங்கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிள் தைனமோ வானொலிக்கு மின்னூட்டியது. அன்று அந்தக் கார்களின் மூல அமைப்பைக் காப்பதே கடன் என எவரேனும் வாதிட்டிருப்பின், அது அறமன்று, நகைப்புக்குரிய பிடிவாதமேயாகும். மனிதரின் தேவைக்காகவே கருவி. கருவிக்காக மனிதர் அல்லர்.

எனினும் வாதம் இங்கு முடிவதில்லை. அன்று நிகழ்ந்தது தேவையின்பாற்பட்டது; கமராவின் கூட்டை அறுப்பது வசதியின்பாற்பட்டது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. லைட்ஸ் நிறுவனம் மாற்றிய காலத்தில் அக்கமராக்கள் நாள்தோறும் செய்யப்பட்டுக்கொண்டிருந்தன. 1960 ஆம் ஆண்டளவிற் பழைய திருகு வகை லைக்காவின் உற்பத்தி நின்றது. இனி அவற்றின் தொகை குறையுமேயன்றிக் கூடாது. அறுக்கப்பட்ட கூடு ஒன்று உரியவருக்கு மட்டும் நேர்ந்த இழப்பன்று. ஒரு காலத்து மக்கள் எவ்வாறு சிந்தித்தனர், எதனைத் தொல்லையெனக் கருதாது ஏற்றனர் என்பதற்கான சான்றிலும் ஒன்று குறைகின்றது.

நல்லூரில் வாழ்வோர் இவ்விரு நிலைகளையும் நாள்தோறும் காண்கின்றனர். 1621 இற் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட கந்தசுவாமி கோயில், ஒல்லாந்தர் காலத்தில் மீண்டும் எழுந்து, தலைமுறைதோறும் விரிவுபெற்று வந்துள்ளது. தெற்கு இராசகோபுரம் 2011 இலும் வடக்கு இராசகோபுரம் 2015 இலும் குடமுழுக்குக் கண்டன. வழிபாடு நிகழும் இடமாதலின் அது மாறுகின்றது. அம்மாற்றத்தை எவரும் சிதைவெனக் கொள்வதில்லை. பருத்தித்துறை வீதியோரமாக நிற்கும் சங்கிலித்தோப்பு வளைவோ வேறு நிலையது. அரசமாளிகையின் எச்சமென மக்கள் போற்றும் அவ்வாயிலினூடாக இன்று எவரும் அரண்மனை புகுவதில்லை. சான்றாக நிற்பதே அதன் தொழில். அதனை வசதிக்காக அகலப்படுத்துவோமாயின், எஞ்சுவது வெறுங் கல்லும் சுண்ணமுமே.

பழங்கமரா இவ்விரண்டிற்கும் நடுவே நிற்கின்றது. அது இன்னும் படம்பிடிக்கும். மின்கலம் எதனையும் வேண்டாது இயங்கும். அதேவேளை, மீண்டும் செய்யப்படாத சான்றுப்பொருளாகவும் உள்ளது. கண்ணாடிப் பேழையில் அடைத்தால் அதன் பயன் கெடும். மனம்போனவாறு அறுத்தால் அதன் சான்று கெடும். இரண்டையும் காக்க வழி உண்டா?

நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலரின் (1822–1879) பணி ஒரு வழியைக் காட்டுகின்றது. ஏட்டுச் சுவடி பழகாதார்க்கு இடர் தருவது. புள்ளியும் நிறுத்தக்குறியும் அற்றது. நாவலர் ஏடுகளை ஒப்பிட்டு ஆராய்ந்து, 1861 இற் பரிமேலழகர் உரையுடன் திருக்குறளை வெளியிட்டமை போன்று, பல நூல்களை அச்சேற்றினார். தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகள் நிலைபெறவும் உழைத்தார். கற்போர்க்கு எளிமை கிடைத்தது. ஆனால் அவ்வெளிமை அச்சுப் பிரதியிற் செய்யப்பட்டது, ஏட்டின்மேற் கீறப்படவில்லை. ஐயம் எழுமிடத்து ஏட்டுக்கே திரும்பிச் செல்லும் வழி அடைபடவில்லை.

இதிலிருந்து பெறப்படும் நெறி ஒன்றே: மீளும் வழியை அடைக்காத மாற்றத்திற்கு உரியவரின் விருப்பமே போதும், மீளமுடியாத மாற்றத்திற்கு வசதி போதாது, தேவை வேண்டும். சுருளின் முனையைக் கத்தரிப்பதில் மாறுவது சுருளும் நமது கையின் பழக்கமும் மாத்திரமே. மாற்றுச் சுற்றுருளை பொருத்துவோர் பழையதைப் பேணி வைப்பின் அதனாலும் கேடில்லை. உடற்கூட்டை அறுத்தலோ திரும்பா வழி. பழுதுபார்க்க இயலாதவாறு சிதைந்த கமரா ஒன்றை அவ்வாறு பயன்படுத்துதல் ஒருவேளை தகும். நல்ல நிலையிலுள்ளதை அறுத்தல் தகாது. எம்மாற்றத்தைச் செய்தவரும், அதனைக் கைமாற்றும்போது மறையாது கூறுதல் கடன்.

இருப்பினும், மாற்றுவதற்கும் காப்பதற்கும் ஒருவருக்கு முதலிற் பொருள் எஞ்சியிருத்தல் வேண்டும். 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தபோது, பெட்டகங்களும் படங்களும் நூல்களும் பின்னே விடப்பட்டன. திரும்பிவந்தோர் பலர் அவற்றைக் காணவில்லை. அத்தகைய மண்ணிற் பாட்டனின் கமரா ஒன்று ஒரு வீட்டில் எஞ்சியிருக்குமாயின், அதைப் பெற்றவர் தாம் ஒருவரே அதற்கு உரியவரென எண்ணுதல் இயலாது. அவருக்குப் பின் வருவோர்க்கும் அதிற் பங்குண்டு. சுருளேற்றும்போது சில நிமிடங்கள் தாமதித்து, ஒரு கத்தரிக்கோலை எடுப்பது அப்பங்கிற்காக நாம் கொடுக்கும் விலை. அது பெரிய விலையன்று.