அனுமதி கேட்கும் இயந்திரமும் இசைவு தரும் மனிதரும்

பிறர் இல்லத்திற்குள் நுழையுமுன் வாசலில் நின்று குரல் கொடுப்பது நம் மண்ணின் பழைய வழக்கம். கதவு திறந்தே கிடந்தாலும், "வீட்டில் யார்?" என்று கேட்டு, உள்ளிருந்து "வாங்க" என்னும் சொல் வந்த பின்னரே நாம் படியேறுகிறோம். திறந்திருக்கும் கதவு வேறு, வரலாம் என்னும் சொல் வேறு என்பதை எழுத்தறியாத முன்னோரும் நன்கு அறிந்திருந்தனர். இந்த எளிய வேறுபாட்டை இன்று நமக்கு நினைவூட்டுவது நாம் எதிர்பாராத ஓரிடம். அது கைப்பேசிக்குச் செயலி எழுதும் இளைஞர்களின் மேசை.

திருப்பூர், அவிநாசி, பல்லடம், பெருமாநல்லூர் ஆகிய ஊர்களைச் சுற்றி வாழும் நம் குடும்பங்களுக்குப் பனியன் தொழிலே சோறு போடுகிறது. நிட்டிங் தொடங்கிச் சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒரு துணி கடந்து செல்லும் படிகள் பல. முன்பு இப்படிகளின் கணக்கு நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. இப்போது மெல்ல மெல்லக் கைப்பேசிக்குள் குடியேறி வருகிறது. வருகைப் பதிவு, பீஸ் ரேட் கணக்கு, சரக்கு இருப்பு ஆகியவற்றுக்குச் செயலிகள் வந்துள்ளன. அவற்றை எழுதுவோருள் நம் பிள்ளைகளும் உண்டு. தந்தை ஓவர்லாக் மெஷினில் அமர்ந்திருக்க, அவர் வருகையைப் பதிவு செய்யும் செயலியை மகன் எழுதும் காலம் இது.

இத்தொழிலில் நாள்தோறும் எழும் ஓர் இடரை முதலில் நோக்குவோம். எழுதிய செயலியைச் சோதித்துப் பார்க்கக் கைப்பேசியைக் கம்பி வழியாகக் கணினியுடன் இணைக்க வேண்டும். இணைத்ததும் பல வேளைகளில் கணினி கைப்பேசியை ஏற்பதில்லை. காரணங்கள் மூவகைப்படும். முதலாவது, பாதையிலுள்ள குறை. சில கம்பிகள் மின்சாரத்தை மட்டும் கடத்துவன. தகவலைக் கடத்தும் இழைகள் அவற்றில் இல்லை. கைப்பேசி சார்ஜ் ஏறுவதைக் கண்டு, இணைப்பு உள்ளது என்று நினைத்து ஏமாறுவோர் பலர். கம்பியை மாற்றினால் இது தீரும். இரண்டாவது, கணினியின் தடை. லினக்ஸ் போன்ற அமைப்புகளில், சாதனம் கண்ணுக்குத் தெரிந்தாலும் அதைத் தொடும் உரிமை அந்தப் பயனாளருக்கு வழங்கப்பட்டிருக்க வேண்டும்; இல்லையேல் 'அனுமதி இல்லை' என்ற செய்தி வரும். உரிய விதியை எழுதிச் சேர்த்தால் இதுவும் தீரும்.

மூன்றாவது வகையே நம் சிந்தனைக்கு உரியது. கம்பியும் சரி, கணினியும் சரி; ஆயினும் திரையில் 'அங்கீகரிக்கப்படாத சாதனம்' என்று வருகிறது. இங்குப் பழுது எதுவும் இல்லை. 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆண்ட்ராய்டு 4.2.2 முதல், சோதனைக்காகத் தன்னை நாடும் ஒவ்வொரு புதிய கணினியையும் கைப்பேசி ஐயத்துடன் நோக்குகிறது. அக்கணினியின் அடையாளக் குறியைத் தன் திரையில் காட்டி, 'இதனை அனுமதிக்கலாமா?' என்று வினவுகிறது. கைப்பேசியைக் கையில் வைத்திருப்பவர் அதன் திரையில் ஒப்புதல் அளித்தால்தான் வழி திறக்கும். கணினியின் முன் அமர்ந்து எத்தனை கட்டளைகள் தட்டினாலும் அந்த ஒரு சொல்லுக்கு அவை ஈடாகா. ஆப்பிள் கைப்பேசியும் 'இக்கணினியை நம்புகிறீர்களா?' என்று இவ்வாறே கேட்கிறது.

தேர்ந்த தொழிலறிஞர் இம்மூன்றையும் குழப்பிக்கொள்வதில்லை. இணைப்பு இல்லாமை ஒரு குறை; அதை நீக்க வேண்டும். இசைவு இல்லாமை குறையன்று. அது மற்றவருடைய உரிமை. குறையை நீக்குவது போல அதை நீக்க முற்படுபவர், கதவைப் பழுது பார்ப்பதாகச் சொல்லிப் பூட்டை உடைப்பவருக்கு ஒப்பாவார். குறுக்கு வழிகள் இல்லாமல் இல்லை. கணினியின் தலைமை அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஆணைகளை இயக்கினால், இரண்டாம் வகைத் தடையை விதி எழுதாமலேயே தாண்டிவிடலாம். பொறுமை இழந்த இளைஞர் பலர் அதையே செய்கின்றனர். ஆனால், சிறிய ஒரு தேவைக்கு எல்லையற்ற அதிகாரத்தைப் பயன்படுத்தும் பழக்கம் கணினியோடு நின்றுவிடுவதில்லை என்பதை வாழ்க்கையைக் கவனித்தவர் அறிவர்.

இப்போது மேசையிலிருந்து தொழிற்கூடத்திற்கு வருவோம். செயலி எழுதி முடிந்து தொழிலாளரின் கைப்பேசிக்குள் நுழையும்போது அதே கேள்வி வேறு வடிவில் எழுகிறது. 2015-க்கு முன் ஆண்ட்ராய்டில், செயலியை நிறுவும் வேளையிலேயே அது கேட்ட அனைத்திற்கும் ஒரே மூச்சில் சம்மதித்தாக வேண்டும். அவ்வாண்டில் வந்த 6.0 பதிப்பு இம்முறையை மாற்றியது. கேமரா, இருப்பிடம், தொடர்பு எண்கள் ஆகியவை தேவைப்படும் வேளையில் தனித்தனியே கேட்கப்பட வேண்டும். தந்த அனுமதியைப் பின்னர் திரும்பப் பெறவும் முடியும். 2020-இல் வந்த 11-ஆம் பதிப்பு மேலும் ஒரு படி சென்றது. ஒரே ஒரு முறைக்கு மட்டும் அனுமதி தரலாம். ஒருவர் இருமுறை மறுத்துவிட்டால் அதே கேள்வியை அமைப்பு மீண்டும் அவர்முன் வைப்பதில்லை. பல மாதங்கள் பயன்படுத்தாத செயலியின் அனுமதிகள் தாமாகவே நீங்கிவிடும். மறுத்தவரை நச்சரிக்கலாகாது, பெற்ற உரிமை பயனின்றிக் கிடந்தால் அது திரும்ப வேண்டும் என்னும் இரு நெறிகளும் இதில் அடங்கியுள்ளன. நல்ல மனிதரிடத்தில் நாம் எதிர்பார்க்கும் நாகரிகம் இது.

ஆயினும் இங்கேதான் நம் அறக்கேள்வி தொடங்குகிறது. திரையில் 'அனுமதி' என்பதை ஒருவர் தொட்டுவிட்டார். அவர் உண்மையில் இசைந்தாரா?

ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து விடுதியில் தங்கியிருக்கும் ஓர் இளைஞரை எண்ணிப் பாருங்கள். வேலையில் சேரும் அன்று, 'இந்தச் செயலியை ஏற்றிக்கொள். இருப்பிடத்திற்கு அனுமதி கொடு. இல்லையென்றால் வருகை பதிவாகாது' என்கிறார் மேற்பார்வையாளர். வருகை பதிவாகாவிட்டால் சனிக்கிழமைச் சம்பளம் இல்லை. அவர் தொடுகிறார். 'அவரே அல்லவா தொட்டார்? நாங்கள் வற்புறுத்தவில்லையே!' என்று பின்னர் சொல்லப்படுகிறது. இவ்வாதம் நேர்மையானதா?

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தம் 'நிக்கோமாக்கிய அறவியல்' நூலின் மூன்றாம் பகுதியில் இதையொத்த ஒன்றை ஆராய்கிறார். புயலில் சிக்கிய கப்பலில் உள்ளோர் உயிர் பிழைக்கச் சரக்கைக் கடலில் எறிகின்றனர். இது விருப்பச் செயலா, விருப்பமற்ற செயலா? அதைக் கலப்புச் செயல் என்கிறார் அவர். அந்த நேரத்தில் அவர்கள் தேர்ந்தே செய்கின்றனர். ஆகவே அது விருப்பச் செயலை ஒத்திருக்கிறது. ஆனால் அமைதியான கடலில் எவரும் தம் சரக்கை எறிய விரும்பார். நம் இளைஞர் தொட்டதும் இத்தகைய கலப்புச் செயலே. ஆனால் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. கடலில் எழும் புயலை எந்த மனிதரும் உண்டாக்கவில்லை. 'அனுமதி கொடு, இல்லையேல் கூலி இல்லை' என்னும் புயலையோ ஒருவர் திட்டமிட்டு வடிவமைத்தார். புயலை உண்டாக்கியவர், சரக்கைக் கடலில் எறிந்தவரைச் சுட்டிக்காட்டித் தம்மைக் குற்றமற்றவர் என்று கூறிக்கொள்ள இயலாது.

திருச்சபையின் மரபும் இவ்வுண்மையை அறியும். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1103-ஆம் பிரிவு, வன்முறையாலோ வெளியிலிருந்து விளைந்த பேரச்சத்தாலோ செய்யப்பட்ட திருமணம் செல்லாது என்கிறது. பலர் முன்னிலையில் வாய்ச்சொல் சொல்லப்பட்டிருந்தாலும் இசைவு பிறக்கவில்லை என்பதே அதன் பொருள். தொழிலாளர் குறித்துத் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடல் இன்னும் நெருக்கமானது. கூலி இருதரப்பு ஒப்பந்தத்தால் முடிவாகிறது, எனவே தொழிலாளர் ஒப்புக்கொண்டால் போதும் என்ற வாதத்தை அம்மடல் ஏற்கவில்லை. வறுமையாலோ அதைவிடப் பெரிய தீமைக்கு அஞ்சியோ கடுமையான நிபந்தனைகளுக்கு ஒருவர் இணங்கினால், அவர் வன்முறைக்கும் அநீதிக்கும் ஆளாகிறார் என்று அது கற்பித்தது. கூலிக்குச் சொல்லப்பட்டது, கூலியோடு சேர்த்துக் கேட்கப்படும் அந்தரங்கத்திற்கும் பொருந்தும் அல்லவா?

அந்தரங்கம் என்பது வசதி படைத்தோரின் ஆடம்பரம் என்று எண்ணுவோர் உண்டு. கடன் செயலிகளின் வரலாறு அவ்வெண்ணத்தைத் தகர்த்துவிட்டது. 2020-இல் பெருந்தொற்றால் வேலையிழந்து தவித்த எளியோர் பலர், சில ஆயிரம் ரூபாய்க்காக இச்செயலிகளை நாடினர். செயலி அவர்களுடைய தொடர்பு எண்கள் அனைத்தையும் கேட்டது, கொடுத்தனர். தவணை தவறியதும் உறவினர், நண்பர் அனைவருக்கும் அழைப்புகள் சென்றன. அவமானம் தாங்காது உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு. 2021 சனவரியில் ரிசர்வ் வங்கி இதை ஆராயப் பணிக்குழு அமைத்தது. 2022 செப்டம்பரில் அது வெளியிட்ட நெறிமுறைகள், கடன் செயலிகள் கைப்பேசியின் கோப்புகள், தொடர்பு எண்கள், அழைப்புப் பதிவுகள் ஆகியவற்றைத் தொடுவதைத் தடை செய்தன. கடன் வாங்கியவர் தாமே அனுமதி கொடுத்தார் என்பது உண்மை. எனினும் அந்த அனுமதி அங்கு நியாயத்தை உண்டாக்கவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் இத்திசையில் நகர்ந்துள்ளது. 2017 ஆகஸ்டு 24 அன்று, முன்னாள் நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, இசைவு என்பது சுதந்திரமானதாகவும், குறிப்பான நோக்கத்திற்கானதாகவும், விவரம் அறிந்து தரப்பட்டதாகவும், நிபந்தனையற்றதாகவும், ஐயத்திற்கு இடமற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அச்சட்டமே ஓர் எடுத்துக்காட்டும் தருகிறது. தொலைவழி மருத்துவச் செயலி ஒன்று நோயாளியின் தொடர்பு எண்களையும் கேட்கிறது. அவரும் சரி என்கிறார். மருத்துவத்திற்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை. ஆதலால் அவர் சொன்ன 'சரி' மருத்துவத்திற்குத் தேவையான அளவுக்கே செல்லும். கேட்டுப் பெற்றதாலேயே ஒன்று நம்முடையதாகிவிடாது என்னும் அறம் இங்குச் சட்டமாகியுள்ளது.

ஆயினும் சட்டம் முழுமையானதன்று. அதே சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வேலைவாய்ப்புத் தொடர்பான சில நோக்கங்களுக்கு இசைவு கேட்காமலேயே தகவலைக் கையாள இடமளிக்கிறது. இச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வருமாறு அமைக்கப்பட்டுள்ளன. எனவே தொழிற்கூடத்தின் வாயிலில் சட்டத்தின் குரல் சற்றுத் தாழ்ந்தே ஒலிக்கும். அது தாழும் இடத்தில் மனச்சான்றின் குரல் எழ வேண்டும்.

நிறுவனம் நடத்துவோரின் தரப்பையும் நாம் செவிமடுக்க வேண்டும். வெளிநாட்டு ஆர்டரைக் குறித்த தேதியில் அனுப்பியாக வேண்டும். கூலிக் கணக்கில் பொய் நுழையக் கூடாது. தீ விபத்து நேர்ந்தால் உள்ளே எத்தனை பேர் என்று தெரிய வேண்டும். இவை நியாயமான தேவைகள். துல்லியமான வருகைப் பதிவு தொழிலாளருக்கும் காவல். அவர் செய்த ஓவர்டைமை எவரும் மறைக்க இயலாது. ஆகவே கேட்பதே தவறு என்று நாம் சொல்லவில்லை. தேவையின் அளவே கேள்வியின் அளவாக இருக்க வேண்டும் என்கிறோம். வாயிலில் உள்ள கருவியில் பதிவானால் போதும் எனும்போது, ஷிப்ட் முடிந்த பின்னும் ஒருவர் எங்குச் செல்கிறார் என்று அறிவது எத்தேவைக்கு? சாயத்திலும் பஞ்சிலும் உழன்று தேய்ந்த விரலின் ரேகையைக் கருவி ஏற்காதபோது, கையொப்பமிட ஒரு நோட்டுப் புத்தகமாவது அருகில் இருக்க வேண்டாமா? மறுப்பதற்கு வேறு வழி வைக்கப்பட்டிருந்தால்தான் 'சரி' என்னும் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

எனவே செயலி எழுதும் நம் பிள்ளைகளுக்கு நான்கு கேள்விகளை முன்வைக்கிறோம். நான் கேட்பது இவ்வேலைக்கு உண்மையில் தேவையா? கேட்கப்படுபவருக்கு அவருடைய மொழியில் அது விளங்குகிறதா? மறுத்தால் அவர் இழப்பது என்ன? கொடுத்ததை அவர் எளிதில் திரும்பப் பெற முடியுமா? ஒடியா பேசுபவரிடம் ஆங்கிலத்தில் கேட்டுப் பெற்ற சம்மதம், உறங்குபவரின் கைநாட்டைப் போன்றது. முதலாளி சொன்னார், எழுதினேன் என்னும் விடை இங்கே போதாது. கேள்வியைத் திரையில் வடிவமைத்தவர் அவரே.

தொலைவில் உள்ளோரை மட்டும் நோக்கி விரல் நீட்டுவதும் முறையன்று. பங்கின் குடும்பப் பதிவேடுகளும், அன்பியங்களின் பட்டியல்களும், சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்களும் நம்மிடமும் உள்ளன. நோயுற்றவரின் படத்தையோ உதவி பெற்ற ஏழையின் முகத்தையோ குழுவில் பகிருமுன், அவரிடம் கேட்டோமா, மறுக்கும் நிலையில் அவர் இருந்தாரா என்று எண்ணிப் பார்ப்பது நன்று. உதவி பெறும் கை, மறுக்கும் துணிவை எளிதில் பெறுவதில்லை. ஆதலால் கொடுப்பவரே அத்துணிவை அவருக்கு வழங்க வேண்டும்.

கடவுளும் மனித மனத்தை உடைத்து நுழைவதில்லை என்பது நம் நம்பிக்கை. எல்லாம் வல்லவர் காக்கும் அந்த எல்லையை, ஓர் ஆர்டரின் அவசரத்திற்காகவோ ஒரு செயலியின் வசதிக்காகவோ நாம் கடக்கலாமா? 'அங்கீகரிக்கப்படவில்லை' என்று கைப்பேசியின் திரையில் தோன்றும்போது இளைஞர் எரிச்சலடைவது இயல்பு. ஆனால் அச்சொல்லுக்குப் பின்னே, இன்னும் கேட்கப்படாத ஒரு மனிதர் இருக்கிறார். அவரிடம் சென்று, அவர் மொழியில், அவர் மறுக்கக்கூடிய விதத்தில் கேட்பதே முறை. அவர் மறுத்தால் அதற்கேற்ப வேலையை மாற்றி அமைப்பதும் தொழில்திறனின் ஒரு பகுதியே.