பழைய பலகை, புதிய கதிரை

பழஞ்சாமான் வாங்க வருகிறவர் கதிரையின் முகத்தைப் பார்ப்பார். விஷயம் தெரிந்த தச்சர் அதைக் கவிழ்த்துப் போட்டுப் பார்ப்பார். முகத்துக்கு மெருகேற்றலாம். அடிப்பக்கத்துக்கும் லாச்சியின் பின்பலகைக்கும் யாரும் மெனக்கெடுவதில்லை. கைவாளால் அரிந்த தடம் நேர்கோடுகளாக ஓடும். வட்டவாளின் தடம் வில்லாக வளையும். வட்டவாள் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்தது 1658இல். அவர்கள் காலத்துப் பெட்டகம் என்று விலை பேசப்படும் ஒன்றின் அடியில் அந்த வளைவு தெரிந்தால், அந்தப் பலகையாவது பிந்தியது.

மன்னாரில் இன்னொரு சாட்சியும் உண்டு: உப்புக்காற்று. இரும்பாணி இங்கே சும்மா இருக்காது. அதன் துரு ஈரத்தோடு மரத்துக்குள் இறங்கி, மரத்தின் துவர்ப்போடு சேர்ந்து கருநீலக் கறையாகப் படியும். அமிலத்தில் ஊறவைத்துத் துருவேற்றிய ஆணியைப் புதிதாக அடித்திருந்தால், சுற்றியுள்ள மரம் வெளுப்பாகவே நிற்கும்.

சிக்கலானது இடைப்பட்ட வகை. மரம் மெய்யாகவே பழையது, சாமான் புதியது. இடிந்த வீட்டின் நிலையும் கதவும் உத்தரமும் கதிரையாகிவிடும். இதைக் காட்டிக்கொடுப்பது வண்டு. மரத்தைக் குடைந்து அது வெளியேறிய இடம் சிறு வட்டமாகத்தான் இருக்கும். வட்டத்துக்குப் பதிலாக மேற்பரப்பில் நீளமாக வாய்க்கால் ஓடினால், வண்டு குடைந்த பிறகு யாரோ அந்த மரத்தை அரிந்திருக்கிறார்கள்.

அதற்காக அதைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வருவதில்லை. போர்த்துக்கேயர் 1560இல் கட்டிய மன்னார்க் கோட்டையில் இடிக்கப்பட்ட திருக்கேதீச்சரக் கோயிலின் கற்கள் இருப்பதாகச் சொல்வார்கள். கல் மூத்தது, கோட்டை இளையது, கோட்டை போலியாகிவிடவில்லை. மொறட்டுவைத் தச்சர்கள் ஒல்லாந்தர் பாணியில் கதிரை செய்து, இன்றைய வேலை என்று சொல்லியே விற்றால் அதில் என்ன குறை? கல்லின் வயதைக் கோட்டைக்கு ஏற்றி விற்கும்போதுதான் பொய் தொடங்குகிறது.

அந்தப் பொய் சறுக்குவது தேய்மானத்தில். சங்கிலியால் அடித்து உண்டாக்கிய காயம் எங்கும் ஒரே சீராக விழும். வீட்டில் இருந்த கதிரை அப்படித் தேயாது. எழும்புகிறவர் அழுத்துவதால் கைபிடியின் நுனி மழுங்கும். கால் வைப்பதால் முன்குறுக்குச் சட்டம் குழியும். தரை கழுவிக் கழுவிக் காலடி உளுக்கும். காயம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார். பழமைக்கென்று நாம் கொடுக்கிற காசு, உண்மையில் அந்த ஆட்களின் புழக்கத்துக்கான காசு.

அப்படிப் பார்த்தால், கைபடாத பழஞ்சாமான் என்பதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதுவும் இந்தக் கரையில். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் மன்னார்த் தீவின் முஸ்லிம்களைச் சில நாள் அவகாசத்தில் வெளியேற்றினார்கள். போர்க்காலம் முழுக்கத் தமிழரும் இடம்பெயர்ந்தபடியே இருந்தார்கள். அலுமாரியைத் தூக்கிக்கொண்டு யார் ஓடினார்? அந்த வீடுகளில் தப்பி மிஞ்சிய ஒல்லாந்தர் காலத்துப் பெட்டகம் ஒன்றுக்கு, பின்னாளில் மாற்றிய ஒரு கால் வேம்பில் இருக்கலாம். இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியதையே தொல்பொருள் என்கிறது. அந்தக் கணக்கில் பெட்டகம் உள்ளே, வேப்பங்கால் வெளியே. வியாபாரி அதைக் கழற்றிவிட்டு, பழைய தேக்கில் ஒன்று கடைந்து பூட்டிச் சாயம் பூசுவார். விலை கூடும். உண்மையான பெட்டகத்துக்குள் முதல் பொய் நுழைவது அப்போதுதான்.

எனக்கென்றால் வேப்பங்காலோடுதான் வேண்டும். அந்தக் கால் எப்போது, எதனால் மாறியது என்று விற்பவர் சொல்லவும் வேண்டும்.