தாவீது ஆடினார்; நம் சிறுவர்?

சென்ற ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாக் கலைநிகழ்ச்சிக்கு ஒத்திகை நடந்தது. சிறுமியர் மேடையில் ஆடினர். சிறுவரைப் பெஞ்சு தூக்க விட்டிருந்தோம். பீடச்சிறுவன் ஒருவன் பெஞ்சை இறக்கிவிட்டு, ஓரமாய் நின்று அதே அடவுகளைப் பிசகாமல் போட்டுக்கொண்டிருந்தான். நம்மைக் கண்டதும் நிறுத்திவிட்டான். நீயும் ஆடலாமே என்றோம். "அப்பா அடிப்பாரு, சாமி" என்றான்.

தந்தை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. இரவு ஷிப்டு முடிந்து வந்திருந்தார். "பொம்பளப் புள்ள மாதிரி ஆடினா நாளைக்கு இவனை எவன் சாமி மதிப்பான்?" என்றார். அது கொடுமையன்று, அச்சம். உலகின் ஏளனத்தை அவர் அறிந்தவர்.

ஆயினும் ஆடல் பெண்ணுக்கே உரியது என்று யார் சொன்னது? நம் தொண்டை மண்டலத்துத் தெருக்கூத்தில் காலில் சலங்கை கட்டி, கனத்த கிரீடமும் புஜகீர்த்தியும் தாங்கி, விடியவிடிய ஆடுவோர் பெரும்பாலும் ஆண்களே. திரௌபதி வேடமும் மரபாக அவர்களுடையதே. பரதத்தைத் தலைமுறைகளாகக் கற்பித்த நட்டுவனார்களும் பெரும்பாலும் ஆண்களே. பையனூர் ஆசிரியர் ஒருவரின் வறிய வீட்டிலிருந்து 1953இல் சிறுவனாகக் கலாக்ஷேத்திராவுக்கு வந்த வி. பி. தனஞ்சயன், ஆடலையே வாழ்வாக்கி 2009இல் பத்மபூஷண் பெற்றார். இயேசு சபைக் குரு சஜு ஜார்ஜும் பரதம் பயின்று மேடையேறுகிறார்.

பேழையின் முன் தாவீது ஆடியதை இரண்டாம் சாமுவேல் ஆறாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கோலியாத்தை வீழ்த்தியவரின் ஆண்மையை எவர் ஐயுறுவார்? எனினும் சாளரத்தின் வழியே பார்த்த மீக்கால் அவரை உள்ளத்தில் இகழ்ந்தாள். தந்தையைத் திருத்தச் சென்ற நமக்கு வழியிலேயே ஒன்று உறைத்தது: பெஞ்சையும் மேடையையும் பிரித்துக் கொடுத்தவர் அவரல்லர், நாமே. அச்சாளரத்தில் நாமும் நின்றிருக்கிறோம்.

இறைமகன் உடலெடுத்தார் என்று அறிக்கையிடுகிறோம். இங்கோ நம் சிறுவர் தம் உடலைச் சுமை தூக்கவும், பின்னாளில் எட்டு மணி நேர ஷிப்டுக்கு விற்கவும் மட்டுமே அறிகின்றனர். கூலிக்கல்லாது, மகிழ்ச்சிக்காகவும் புகழ்ச்சிக்காகவும் உடல் அசையலாம் என்பதை அவர்களுக்கு யார் கற்பிப்பது?

தந்தையை மீறும்படி மகனிடம் சொல்ல நமக்கு உரிமையில்லை, சொல்லவுமில்லை. இவ்வாண்டு, ஆட விரும்பும் சிறுவரும் பெயர் கொடுக்கலாம் எனத் திருப்பலி முடிவில் அறிவித்தோம். மூன்று பெயர்கள் வந்துள்ளன. அவன் பெயர் இன்னும் வரவில்லை. ஆனால் சென்ற சனியன்று ஒத்திகையின்போது, ஷிப்டு முடித்த கையோடு அவன் தந்தை வந்து கடைசிப் பெஞ்சில் சற்று நேரம் அமர்ந்திருந்தார்.