வாயை மூடச் சொல்லிவிட்டுப் பேச்சுப் பயிற்சி

தமிழ்நாட்டின் தனியார் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில், மாடிப்படியில் ஒரு மாணவனும் மாணவியும் நின்று பேசினால் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்கள். அப்பாவை அழைத்து வரச் சொல்வார்கள். மறுநாள் அதே இருவரையும் ஆங்கில லேபில் வட்டமாக உட்காரவைத்து, "குரூப் டிஸ்கஷன்ல ஏன் வாயே திறக்க மாட்டேங்கிறீங்க?" என்று கடிந்துகொள்வார்கள்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் இரண்டு செமஸ்டரிலும் ஆங்கிலம் உண்டு. 2022-இல் அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டமும் திறன் பயிற்சி தருகிறது. தரட்டும். தன் பிள்ளையைக் கான்வென்ட்டில் சேர்த்துவிட்டு, ஊரான் பிள்ளைக்கு மட்டும் தாய்மொழிப் பெருமை ஓதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அந்த ஆங்கில வகுப்பில் என்ன நடக்கிறது என்பதுதான் என் கேள்வி.

பிளேஸ்மென்ட் நெருங்கியதும் 'செல்ஃப் இன்ட்ரோ' மனப்பாடம் ஆகிறது. உன் பலவீனம் என்ன? 'அளவுக்கு மீறி உழைப்பது.' வகுப்பு மொத்தத்துக்கும் அதே பலவீனம்! புரியாத மந்திரத்தை ஒப்பிப்பவரைக் கேலி பேசும் நாமே, இதற்கு சாஃப்ட் ஸ்கில் என்று பெயரிட்டு மதிப்பெண்ணும் போடுகிறோம்.

அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சிவில் சேர்ந்த ஒரு கொத்தனார் மகளை நினைத்துப் பாருங்கள். கலவையில் தண்ணீர் கூடினால் கான்கிரீட்டின் வலு குறையும் என்பதைப் பாடத்தில் படிக்கும் முன்பே அப்பா வாயால் கேட்டிருப்பாள். அதை உடைந்த ஆங்கிலத்தில் நான்கு வரி அவள் சொல்ல விட்டால் போதும், வகுப்பு உருப்படும். முதல் வரியிலேயே வினைச்சொல்லைத் திருத்தி, பின்பெஞ்சு சிரிப்பதையும் பார்த்துக்கொண்டு நின்றால் அவள் உட்கார்ந்துவிடுவாள். பிறகு கம்பெனிக்காரர் வந்து 'கம்யூனிகேஷன் இல்லை' என்று எழுதிவிட்டுப் போவார். அந்த ஒரு சொல்லுக்குள் அப்பாவின் தொழிலும் படித்த பள்ளியும் உச்சரிப்பும் காலணியும் சேர்த்தே எடைபோடப்படுவதை யாரும் கேட்பதில்லை.

தமிழிலும் மாணவர்கள் கேள்வி கேட்பதில்லை என்பதைக் கவனித்தீர்களா? அந்த 2021 பாடத்திட்டத்தில் தியரித் தாளுக்கு 40 மதிப்பெண் இன்டர்னல். அது கல்லூரியின் கையில் இருக்கிறது. "ஏன் சார்?" என்று கேட்பதற்கு விலை உண்டு என்று முதல் செமஸ்டரிலேயே புரிந்துகொண்ட பிள்ளையை, கடைசி வருடத்தில் டை கட்டிவிட்டுத் துணிச்சலாகப் பேசச் சொல்வது என்ன நியாயம்?

ஆங்கில வகுப்புகளில் புகார்க் கடிதம் எழுதுவது வழக்கமான பயிற்சி. பழுதடைந்த சாலை, எரியாத தெருவிளக்கு என்று எங்கோ இருக்கும் குறைகளையே எழுதச் சொல்கிறார்கள். அடுத்த வகுப்பில் ஹாஸ்டல் மெஸ் பற்றி எழுதச் சொல்லுங்கள். அதை நோட்டிலேயே விட்டுவிடாமல் பிரின்சிபாலுக்கு அனுப்புங்கள். அவரும் ஆங்கிலத்திலேயே பதில் எழுதட்டும். மாணவர்கள் அதைத் திருத்தி மதிப்பெண் போடட்டும்.