கண் பார்த்துக் காது சொன்ன தீர்ப்பு

சென்னை ரிச்சி தெருவுக்கு ஹோம் தியேட்டர் வாங்க வருகிறவர்களில் பலருக்கு ஒரு பழக்கம். ஸ்பீக்கர் பெட்டியை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பார்கள். ‘டொக்’ என்றால் மரம். ‘டப்’ என்றால் பிளாஸ்டிக். சட்டிபானையைத் தட்டித் தட்டி வாங்கிய பரம்பரையின் கை அது. நன்றாகச் சுட்ட பானை கணீரென்று பேசும், கீறல் விட்டது மந்தமாக முனகும்.

ஆனால் பானையில் ஓசை வெறும் அடையாளம். புகையைக் கண்டு நெருப்பை அறிவதுபோல ஓசையைக் கேட்டுக் கீறலை அறிகிறோம், வாங்குவது பானையைத்தான். ஸ்பீக்கர் கடையில் வாங்குவதே ஓசையை. அப்படியானால் தட்டிப் பார்ப்பதும் படித்துப் பார்ப்பதும் எதற்கு? போட்டுக் கேட்டு, பிடித்தால் காசு கொடுத்து எடுத்து வர வேண்டியதுதானே? ‘காதுக்கு நன்றாக இருக்கிறது’ என்பதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

வேண்டும் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஆம்ப்ளிஃபயரைக் கண்டதில்லை. 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாச்சாரியார் எழுதிய சிவஞான சித்தியாரில், எதையும் அறியும் வழியான அளவை பற்றிய பகுதி, காண்டல் என்ற ஒன்றையே நான்காகப் பிரிக்கிறது. புலன் வழி வருவது வாயிற்காட்சி. மனத்தால் கொள்வது மானதக்காட்சி. தனக்குள் எழும் இன்ப துன்பத்தைத் தானே அறிவது தன்வேதனைக் காட்சி. நான்காவதான யோகக்காட்சிக்கு ரிச்சி தெருவில் வேலையில்லை, விட்டுவிடலாம். ஆனால் ‘நல்லா இருக்கு’ என்று ஒருவர் தலையாட்டும்போது முதல் மூன்றும் ஒரே மூச்சில் நடந்துவிடுகின்றன. காதில் விழுந்தது எது, மனம் சேர்த்தது எது, மகிழ்ந்தது எதனால் என்று அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

பிரித்துக் காட்ட ஒரு திரைச்சீலை போதும். 1994இல் அமெரிக்காவின் ஹர்மன் நிறுவனத்தில் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரு ஒலி ஆய்வாளர்கள் அதைத்தான் செய்தார்கள். 40 பேர் கேட்டார்கள். எல்லோரும் அந்த நிறுவனத்து ஊழியர்களே. நான்கு ஸ்பீக்கர்கள். அவற்றில் பெரியவையும் விலை கூடியவையும் இருந்தன. ஒன்று மட்டும் சிறு சாட்டிலைட் ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபருமாக வந்த மலிவு செட். திரைக்குப் பின்னால் ஒலித்தபோது அந்தச் சிறிசு பெரியவற்றோடு தோளுரசி நின்றது. திரையை விலக்கி, எது பாடுகிறது என்று கண்ணுக்குக் காட்டிவிட்டுக் கேட்கச் சொன்னார்கள். அதன் மதிப்பெண் சரசரவென்று இறங்கியது. ஓசையில் எந்த மாற்றமும் இல்லை. கேட்டுப் பழகியவர்களும் இதற்குத் தப்பவில்லை.

இதைவிடக் கூர்மையான முடிவு ஒன்றும் அதே சோதனையில் இருந்தது. அறையில் ஸ்பீக்கர் நிற்கும் இடத்தை மாற்றினால் ஓசை உண்மையாகவே மாறும். ஸ்பீக்கர் கண்ணுக்கு மறைந்திருந்தபோது அந்த மாற்றத்தைக் கேட்பவர்கள் கண்டுகொண்டார்கள். கண்ணுக்குத் தெரிந்தபோது அதற்கு அவர்கள் காது கொடுக்கவேயில்லை. இல்லாத வேறுபாட்டைக் கேட்கவைத்த கண், இருக்கிற வேறுபாட்டைக் கேட்கவிடாமலும் செய்தது.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் அளவைவாதி இதற்குப் பெயர் வைத்திருக்கிறார். பிழைபட்ட அறிவை எட்டாக எண்ணும் அந்தப் பட்டியலில் ‘திரியக் கோடல்’ ஒன்று: கிளிஞ்சலை வெள்ளி என்று கொள்வது. ‘தேராது தெளிதல்’ இன்னொன்று: வெட்டவெளியில் நிற்கும் கட்டையை, ஆராயாமலே மனிதன் என்று முடிவு கட்டிவிடுவது.

தேராமல் தெளியவைப்பதில் அட்டைப்பெட்டிக்கு நிகர் இல்லை. ‘4000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பி.எம்.பி.ஓ. என்னும் இந்த உச்சத் திறன் கணக்கை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று ஒரு நியதி கிடையாது. அச்சடிப்பவர் மனம்போல எழுதிக்கொள்ளலாம். ஆம்ப்ளிஃபயர் விளம்பரங்களில் வாட் கணக்கு வரம்பு மீறிப்போனதால்தான் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1974இல் அதற்கென்று விதியே போட்டது. நியாய நூலார் உரையை ஓர் அளவையாக ஏற்றார்கள். சொல்கிறவர் நம்பத் தக்கவராக இருக்க வேண்டும் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. பெட்டி அந்த வகையில் சேராது. அதைத் திறந்து, அடாப்டரின் மேல் எறும்பு எழுத்தில் இருப்பதைப் படித்தால் கதை வேறு: 12 வோல்ட், 3 ஆம்பியர். பெருக்கினால் 36 வாட். உள்ளே போவதே அவ்வளவு என்றால், தொடர்ந்து வெளியே வருவது அதற்கு மேல் இருக்க வழியில்லை. ஆறு சேனலுக்குப் பங்கிட்டால் தலைக்கு 6 வாட்கூடத் தேறாது. புகையும் நெருப்பும் போலச் சுத்தமான அனுமானம். காதே வேண்டாம்.

கடைக்காரரின் கை இன்னொரு வேலை செய்கிறது. விற்க நினைக்கும் செட்டின் சத்தத்தை ஒரு பொடிக்குக் கூட்டி வைப்பார். ஒரு டெசிபல் போதும். அது சத்தம் கூடியதாகத் தெரியாது, தெளிவு கூடியதாகத் தெரியும். தாழ்ந்த சத்தத்தில் மனிதக் காதுக்குப் பேஸ் சரியாகக் கேட்காது என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். கூட்டினால் பேஸ் தானாகத் திரளும். அதோடு, போடுகிற பாட்டு எப்போதும் அதிரடிக் குத்துப்பாட்டு. எந்த வூஃபரும் அதற்கு உறுமிக் காட்டிவிடும். ஆலிவின் சோதனைகளில் ஸ்பீக்கர்களின் குறையை நன்றாகக் காட்டிக்கொடுத்தவை எவை தெரியுமா? ‘பிங்க் நாய்ஸ்’ எனப்படும் வெறும் இரைச்சலும், டிரேசி சாப்மனின் ‘ஃபாஸ்ட் கார்’ பாட்டும். எந்தக் கடையிலும் இரைச்சலைப் போட்டுக் காட்டி யாரும் விற்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அறை தன் பங்குக்குத் தீர்ப்பைத் திருத்துகிறது. 12 அடி நீள அறை, அந்த நீளத்தின் கணக்கில், 47 ஹெர்ட்ஸ் அருகே தானே அதிரும். சுவரோரம் உட்கார்ந்தவருக்கு அந்த ஸ்வரத்தில் வூஃபர் குடைகிறது. நடுக்கூடத்தில் உட்கார்ந்தவருக்கு அதே ஸ்வரம் காணாமல் போகிறது. அண்ணனும் தம்பியும் ஒரே செட்டைப் பற்றி இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டும் மெய்யாக இருக்கலாம்.

இங்கே ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்புத்தான். வீட்டில் யாரும் ஸ்பீக்கரைத் திரைச்சீலையால் மறைத்துவிட்டுப் படம் பார்ப்பதில்லை. பளபளக்கும் பெட்டியைப் பார்த்து ஒருவருக்கு இன்பம் கூடுகிறது என்றால், அந்த இன்பம் பொய்யா? தன்வேதனையில் பிழை ஏது? பல் வலிக்கிறது என்பவரிடம் ‘உனக்கு வலிக்கவில்லை’ என்று யார் வாதாட முடியும்?

இன்பம் மெய்தான். அதை ஸ்பீக்கரின் கணக்கில் வரவு வைப்பதுதான் பிழை. கிளிஞ்சல் பளபளப்பது மெய். வெள்ளி என்பது மட்டுமே பொய். விலை கூடிய பெட்டி வாங்க வசதியுள்ளவருக்கு இந்தப் பிழையால் பெரிய சேதமில்லை. பத்தாயிரத்துக்குள் ஒன்றை வாங்கி, அதையே பல வருடம் ஓட்ட வேண்டியவருக்குச் சேதம் உண்டு. அவர் காசில் ஒரு பகுதி நீல விளக்குக்கும் வெள்ளிப் பூச்சுக்கும் போய்விடுகிறது. பேச்சுக்குப் பொறுப்பான சென்டர் ஸ்பீக்கரில் உள்ளங்கைக்குள் அடங்கும் கூம்பு ஒன்றுதான் மிச்சம். ஆண் குரலின் அடிச்சுருதி 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஓடுகிறது. அந்தச் சின்னக் கூம்புக்கு அது எட்டாது. குரலின் கனமெல்லாம் மூலையில் கிடக்கும் வூஃபருக்குப் போய்விடும், உச்சரிப்பு மட்டும் டி.வி.க்கு அடியிலிருந்து வரும்.

புதுப்பெட்டி கண்ணுக்குப் பழகச் சில மாதம் ஆகும். அதன்பின் அது மர பீரோ மாதிரி ஒரு சாமான். ராத்திரிப் படத்தில் சண்டை வந்தால் அப்பா ரிமோட்டை எடுத்துக் குறைப்பார், பேச்சு வந்தால் கூட்டுவார், மறுபடி குறைப்பார். செட்டின் முகத்தையே சரியாகப் பார்த்திராத பாட்டி பக்கத்து அறையில் படுத்தபடி, சுவர் வழியாக, ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ‘ஏம்ப்பா, இடி இடிக்கிறது நல்லாக் கேக்குது. அவன் என்ன சொன்னான்னுதான் ஒண்ணும் வெளங்கல’ என்பாள்.