சுரப்பியின் சிக்கனம்

பசியைத் தானே தேர்ந்துகொண்டவளையும் பசி திணிக்கப்பட்டவளையும் தைராய்டுச் சுரப்பி பிரித்தறிவதில்லை. அது பெரும்பாலும் சுரப்பது டி4 என்ற ஹார்மோனை. கல்லீரல் முதலான உறுப்புகள் அதிலிருந்து ஓர் அயோடின் அணுவைக் கழற்றி, வீரியம் மிக்க டி3 ஆக மாற்றிக்கொள்கின்றன. உணவு குறைந்தால், குறிப்பாக மாவுச்சத்து வெகுவாகக் குறைந்தால், இந்த மாற்றம் மட்டுப்படுகிறது. டி3 இறங்குகிறது, டிஎஸ்எச் பெரும்பாலும் அசைவதில்லை. இதை நோய் என்று சொல்ல முடியாது என்பார்கள். வருமானம் குறைந்த வீட்டில் விளக்கை அணைத்து வைப்பதுபோல உடல் செய்யும் சிக்கனம் அது. விளக்கம் சரிதான். அந்த இருட்டில் உட்கார்ந்திருப்பவளிடம் யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் சிக்கல்.

ஒன்பது ஆண்டுகளாக விடியற்காலையில் வெறும் வயிற்றில் லெவோதைராக்சின் மாத்திரை போடுகிறவள் நான். பேலியோ தமிழ்நாட்டில் வீடு வீடாகப் பரவிச் சில ஆண்டுகள் கழித்து நானும் சோறு, இட்லி, பருப்பை நிறுத்தினேன். முட்டை, மீன், பன்னீர், ஊறவைத்த பாதாம். எடை இறங்கியது, அதில் பொய்யில்லை. மூன்றாவது மாதம், காத்திவாக்கத்துச் சித்திரை வெயிலில் என் விரல்கள் சில்லிட்டன. சீப்பில் முடி கொத்தாக வந்தது. கழுத்தின் முன்புறம் யாரோ கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்துவதுபோல இருந்தது. இரண்டு மணி நேரம் பாடம் நடத்தினால் குரல் கம்மியது. ரிப்போர்ட் நார்மல் என்றார்கள். உணவுமுறை சொல்லிக்கொடுத்தவர் கேட்ட முதல் கேள்வி, “எங்கயாவது சீட் பண்ணீங்களா மேடம்?”

ஒரு கவளம் சோற்றுக்கு ‘ஏமாற்று’ என்று பெயர். யாரை ஏமாற்றினேன்? கணவனுக்குத் தெரியாமல் செய்த காரியத்தைக் கேட்பதுபோல இருந்தது அந்தத் தொனி. எடை குறைந்தால் அது உணவுமுறையின் வெற்றி. தொண்டை அடைத்தால் என் ஒழுக்கக் குறைவு. உடல் நலத்துக்காகச் செய்வது எப்போது நோன்பாக மாறுகிறது என்று அன்றுதான் யோசிக்கத் தொடங்கினேன். பெண்ணின் வாயிலிருந்து அரிசியை விலக்கி அதற்கு அறம் என்று பெயரிட்ட வழக்கம் நமக்குப் புதிதல்ல. புறநானூற்றின் 248ஆம் பாட்டில், இளமையில் தழையாடையாக இருந்த ஆம்பல், கணவன் இறந்த பின் வேளை தப்பி உண்ணும் புல்லரிசியாகிறது. 246ஆம் பாட்டில் பெருங்கோப்பெண்டு, நெய்யில்லாத பிழிசோறும் வேளைக்கீரையும் உண்டு, பரல் கல்லின் மேல் படுத்து வாழும் அந்தக் கைம்மையைவிட ஈமத்தீ மேல் என்கிறாள். கற்பின் உச்சம் என்று இந்தப் பாட்டை வகுப்பில் நடத்துவது வழக்கம். நான் அதை ஓர் உணவுப் பட்டியலின் மேல் எழுந்த கோபமாகவும் வாசிப்பேன்.

அதற்காக எண்களைப் பழித்துவிட மாட்டேன். தைராய்டு குறைபாடு ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். சோம்பேறி, மந்தம், பிள்ளை பெற்றதும் பெருத்துப்போனவள் என்று வீடு பெயர் வைத்த எத்தனையோ பெண்களை ஒரு டிஎஸ்எச் பரிசோதனைதான் காப்பாற்றியிருக்கிறது. 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ நான்கு நோயாளிகளின் சுரப்பித் திசுவை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். நால்வரும் நடுத்தர வயதுப் பெண்கள். நோய்க்கு அவர் பெயர் வந்தது. அந்தப் பெண்கள் தங்கள் கழுத்தில் என்ன உணர்ந்தார்கள், எந்தச் சொல்லால் அதைச் சொன்னார்கள் என்று அறிய எனக்கு இன்றும் ஆசை. எண் பேசத் தொடங்குமுன் பெண் பேசியிருப்பாள். அவள் சொல்லையும் ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பதற்கு மேல் நான் கேட்கவில்லை.

எங்கள் தெருவில் மீன் விற்க வரும் அக்கா, நான் சோறு விட்ட செய்தி கேட்டுச் சிரித்தார். “இன்னா டீச்சரு, மீன மட்டும் துன்றியாமே? நாங்க மீன வித்தாத்தான் சோறு. மீன நாங்களே துன்னுட்டா சோத்துக்கு எங்க போறது?” கொசஸ்தலை ஆற்றுக் கழியில் அனல்மின் நிலையச் சாம்பல் படியத் தொடங்கிய பிறகு இறாலும் நண்டும் அருகிவிட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் படர்ந்தபோது தொழிலே நின்றது. அந்த நாட்களில் அந்த அக்கா வீட்டில் எல்லாரும் உண்ட பிறகு மிஞ்சியதைத்தான் அவர் உண்டார்; சில ராத்திரிகளில் மிஞ்சவில்லை. அவருடைய சுரப்பியும் விளக்கை அணைத்திருக்கும். அவரிடம் யாரும் எடை எவ்வளவு குறைந்தது என்று கேட்கவில்லை. என்னைத்தான், எப்படி இளைத்தீர்கள் என்று கல்லூரி ஓய்வறையில் வியந்து கேட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், படிப்பவர்களில் மாத்திரை போடுகிறவர்கள் இருப்பீர்கள். உணவுமுறையை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். எடை மாறினால் அளவும் மாற வேண்டியிருக்கலாம். பேலியோவோடு சேர்ந்து வரும் இந்துப்பில் பொதுவாக அயோடின் சேர்ப்பதில்லை. சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

மருத்துவரிடம் சொல்லிவிட்டு மதியத்துக்கு ஒரு கிண்ணம் சோற்றைத் திரும்பக் கொண்டுவந்தேன். ஆறேழு வாரங்களில் விரல்கள் சூடாயின, தொண்டையில் அழுத்தம் தளர்ந்தது. சோறுதான் காரணம் என்று ஓர் உடலை வைத்து நிரூபிக்க முடியாது. அதே உணவுமுறையில் என் தோழி ஒருத்தி சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து நலமாக இருக்கிறாள்; அவள் உடலின் சொல்லும் சான்றுதான்.

போன மாதம் முதுகலை மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்ததும் காத்திருந்தாள். “சோத்த விட்டா தைராய்டு சரியாகிடுமா மேடம்? அம்மா கேக்கச் சொன்னாங்க, எனக்கும் இருக்குமோன்னு.” காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். தம்பிக்கும் அப்பாவுக்கும் கட்டிக் கொடுத்துவிட்டு ஆறே முக்காலுக்குப் பஸ் பிடிக்கிறாள், ஒன்றும் சாப்பிடவில்லை. எத்தனை நாளாக என்றேன். “அது டயட் இல்ல மேடம், டைம் இல்ல” என்றாள். இரத்தப் பரிசோதனை இன்னும் எடுக்கவில்லையாம்.