மீட்கப்பட வேண்டியவர் யார்?



1945-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி பிரிட்டிஷ் கடற்படைத் துருப்புகள் பினாங்கில் இறங்கின. மூன்றரை ஆண்டுக்கு மேல் நீடித்த ஜப்பானிய ஆட்சி இத்தீவில் ஒழிந்தது. ஆனால் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்ட தமிழ் மக்களில் உயிர் தப்பியோர் பலர் அந்நாளில் இன்னும் காட்டு முகாம்களிலேயே கிடந்தனர்.

415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் 12,000-க்கும் அதிகமான போர்க்கைதிகள் மாண்டனர். ஆசியத் தொழிலாளரில் மாண்டவர் 90,000 வரை இருக்கலாம் என்பர். யாரும் பெயர் எழுதி வைக்காததால் எல்லாம் மதிப்புக் கணக்கே. ஜப்பான் பணிந்ததும் விமானங்கள் கைதி முகாம்களில் உணவும் மருந்தும் போட்டன. கைதிகளை ஊர் சேர்க்க அமைந்த நிறுவனத்தின் பெயர், 'நேச நாட்டுப் போர்க்கைதிகள், காவலில் வைக்கப்பட்டோர் மீட்பு' என்பது. அப்பெயரில் கூலியாள் எங்கே? சாலையில் மறித்து லாரியில் ஏற்றப்பட்டவனும் காகிதத்தில் 'தொழிலாளி'தான்! வெள்ளைக் கைதிகள் சில வாரங்களில் கப்பலேறினர்; நம்மவரில் பலர் 1946 வரை காத்திருந்தனர்.

கப்பல் குறைவு, நோயாளிகளோ மிகுதி. ஒரு சேனை தன் வீரனை முதலில் தேடுவது இயல்பல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெற்ற பிள்ளையை முதலில் தேடுவது பாவமாகாது. ஆனால் அடுத்தவன் பிள்ளை கணக்கிலேயே வராமற் போவது வேறு விஷயம்.

பிலிப்பைன்ஸில் லாஸ் பான்யோஸ் முகாமை எடுத்துக் கொள்ளுங்கள். 1945 பிப்ரவரி 23-ல் அமெரிக்கப் பாரசூட் வீரர்களும் உள்ளூர்க் கொரில்லாக்களும் ஜப்பானியர் எல்லைக்குள் புகுந்து 2,147 பேரை மீட்டனர். மெச்சத்தக்க செயல், ஐயமில்லை. மீட்டவர்களுடன் படை திரும்பிவிட்டது. ஊர் அங்கேயே நின்றது. சில நாட்களில் ஜப்பானியர் திரும்பி வந்து அவ்வூர் மக்களைக் கொன்று குவித்தனர். அதற்காக மீட்டிருக்கக் கூடாதென்று நான் சொல்லமாட்டேன். மீட்பைத் திட்டமிடுகிறவன் அவ்வூராரையும் சேர்த்தே எண்ணியிருக்க வேண்டும் என்பேன்.

சிறைப்பட்டோரை விடுவிப்பது நம் மார்க்கத்தில் பெரும் கடமை என்பது யாவரும் அறிந்ததே. அக்கடமை எதுவரை? தாத்தாரியர் ஷாம் நாட்டில் புகுந்து மக்களைச் சிறைபிடித்தபோது இமாம் இப்னு தைமிய்யா அவர்களிடம் சென்று பேசினார். முஸ்லிம்களை விட இசைந்தவர்கள் கிறிஸ்தவர்களை விட மறுத்தனர். நம் பொறுப்பில் வாழும் யூதரும் கிறிஸ்தவரும் அடங்கலாக அனைவரும் விடப்படவேண்டும் என்று இமாம் பிடிவாதமாக நின்றார். கிறிஸ்தவர்களும் விடுதலை பெற்றனர். சைப்ரஸ் தீவின் கிறிஸ்தவத் தலைவருக்கு வரைந்த மடலில் அவரே இதைக் குறித்துள்ளார். (அவருடைய மற்றக் கருத்துகளில் நம்மில் பலர் உடன்படுவதில்லை, அது வேறு பேச்சு.)

கஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் பெயர் பொறித்து வரிசையாக உள்ளன. சயாமுக்குப் போன நம் பாட்டன்மாருக்கு அத்தகைய கல் இல்லை. இறந்த நாள் தெரியாதவருக்கு எந்த நாளில் பாத்திஹா ஓதுவது?